ஆணும் பெண்ணும் ஒரே வரிசையில்: பாப் பாட்டுக்குக் குழு நடனம் அமைத்து சிங்க் கொண்டுவருவது எப்படி

எட்டுப் பேர் ஆடுகிறார்கள். நாலு பையன்கள், நாலு பெண்கள். எல்லாருக்கும் ஸ்டெப் தெரியும், யாரும் மறக்கவில்லை, பாட்டும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு ஏதோ இடிக்கிறது. வீடியோவை நிறுத்திப் பார்த்தால் காரணம் தெரியும். ஒருவர் கை காது மட்டத்தில் நிற்கிறது, பக்கத்தில் இருப்பவர் கை தலைக்கு மேல் போயிருக்கிறது. பையன்கள் காலை அகட்டி நிற்கிறார்கள், பெண்கள் ஒடுக்கி நிற்கிறார்கள். வரிசையிலேயே உயரமானவர் ஒவ்வொரு வெட்டு அசைவுக்கும் ஒரு இமைப்பொழுது பிந்துகிறார்.

கலப்புக் குழு என்றால் இப்படித்தான் இருக்கும், உடம்பு வேறு வேறாயிற்றே என்று சொல்லி இதை விட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை. உயரமும் கை நீளமும் வேறுபட்ட குழுவால் கத்தி வெட்டினாற்போல் ஆட முடியும். கொரிய பாப் உலகில் அந்தத் துல்லியத்துக்குத் தனிப் பெயரே உண்டு: கல்குன்மு. கல் என்றால் கத்தி, குன்மு என்றால் கூட்ட நடனம். பெரும்பாலான குழுக்களில் சிங்க், அதாவது எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி அசைவது, கெடுவது யாரும் முடிவெடுக்காமல் விட்ட சின்னச் சின்ன விஷயங்களால்தான். விரல் மூடியதா விரிந்ததா, இடுப்பு எவ்வளவு தள்ள வேண்டும், பார்வை எங்கே என்று சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் தன் பழக்கத்தை வைத்து நிரப்புவார்கள். எட்டுப் பேர் எட்டு விதமாக நிரப்புவார்கள்.

இந்த வழிகாட்டி எட்டுப் பேர், மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் ஒரு பாட்டு, ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று முறை இரண்டு மணி நேர ஒத்திகை என்ற கணக்கில் எழுதப்பட்டது. மொத்தம் 36 மணி நேரம். ஆள் குறைந்தாலும் கூடினாலும் முறை மாறாது.

1. பாட்டை எண்களாக எழுதுங்கள்

ஸ்டெப் யோசிப்பதற்கு முன் பாட்டை எட்டு எட்டாகப் பிரித்துத் தாளில் எழுத வேண்டும். பாப் பாட்டு பெரும்பாலும் நாலு பீட் தாளத்தில் இருக்கும். நாலு பீட் சேர்ந்தது ஒரு பார். இரண்டு பார் சேர்ந்தால் நடனக்காரர்களின் ஒரு எட்டு. டெம்போ, அதாவது பாட்டின் வேகம், நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒரு பீட் அரை வினாடி, ஒரு எட்டு 4 வினாடி. 3 நிமிடம் 12 வினாடி ஓடும் பாட்டில் 48 எட்டுகள் இருக்கும்.

அது இப்படிப் பிரியலாம்: தொடக்க இசை 4, முதல் வெர்ஸ் (சரணம் போன்ற பகுதி) 8, கோரஸுக்கு முந்தைய ஏற்றம் 4, கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) 4, இரண்டாம் வெர்ஸ் 8, ஏற்றம் 4, கோரஸ் 4, பிரிட்ஜ் (மெட்டு மாறும் இணைப்புப் பகுதி) 4, கடைசியில் இரட்டைக் கோரஸ் 8. கூட்டினால் 48. இதில் கோரஸ் மட்டும் நாலு தடவை வருகிறது, அதாவது 16 எட்டு. கோரஸின் நாலு எட்டைச் சுத்தமாக்கினால் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு சுத்தமாகிவிடும். உழைப்பை எங்கே கொட்டுவது என்பதை இந்தத் தாளே சொல்லிவிடுகிறது.

கவனிக்க வேண்டியது, சில பாட்டுகளில் கோரஸுக்கு முன்னால் நாலு பீட் கூடுதலாகவோ திடீர் மௌனமாகவோ வரும். அதைக் குறிக்காமல் விட்டால் பாதிக் குழு முன்கூட்டியே கோரஸில் குதித்துவிடும். தாளில் அந்த இடத்தில் பெரிதாக “4 மட்டும்” என்று எழுதுங்கள். பீட்டுக்கு நடுவில் விழும் அசைவை “அண்ட்” என்று எண்ணுவார்கள்: ஒன், டூ, த்ரீ அண்ட் ஃபோர். எந்த எட்டில் எந்த அண்டில் அசைவு இருக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். குழு சிதறும் இடங்கள் அநேகமாக அண்டில்தான் இருக்கும், நேர் பீட்டில் இருக்காது.

2. எங்கே எல்லாரும் ஒன்றாக, எங்கே பிரிந்து

பாட்டு முழுக்க எட்டுப் பேரும் ஒரே ஸ்டெப் ஆடினால் இரண்டாம் கோரஸுக்கு முன்பே பார்வையாளருக்குச் சலிப்புத் தட்டிவிடும். ஒரு பங்கு பிரிந்து ஆடி, பிறகு சட்டென்று ஒன்றாகும்போதுதான் அந்த ஒற்றுமைக்கு வலு வரும். கோரஸை முழுக்க ஒன்றாக வைப்பது, வெர்ஸில் பிரிப்பது, பிரிட்ஜில் ஜோடி அல்லது தனி ஆட்டம் வைப்பது என்பது எளிய, நன்றாக வேலை செய்யும் பங்கீடு.

பிரிப்பது என்றதும் பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றே எல்லாரும் தொடங்குகிறார்கள். ஒரு தடவை அப்படி வைக்கலாம், கேள்வி பதில் போல எடுபடும். மூன்று தடவை வைத்தால் ஒரே மேடையில் இரண்டு குழுக்கள் ஆடுவதாகத் தெரியும். முன் வரிசை ஒரு ஸ்டெப், பின் வரிசை ஒரு ஸ்டெப் என்று பிரிக்கலாம். உயரத்தை வைத்துப் பிரிக்கலாம். கேனான் வைக்கலாம், அதாவது ஒரே ஸ்டெப்பை இடமிருந்து வலமாக ஒவ்வொருவரும் ஒரு கவுண்ட் (ஒரு பீட்) தள்ளித் தொடங்குவது. எட்டுப் பேர் கேனானுக்குச் சரியாக ஒரு எட்டு போதும். ஆனால் ஒருவர் பிசகினாலும் அலை உடைந்துவிடும். ஆகவே அந்த ஸ்டெப் ஒரே ஒரு கை அசைவாக இருக்கட்டும்.

ஒரே ஸ்டெப்பைப் பையன்களுக்குக் கடினமாகவும் பெண்களுக்கு நளினமாகவும் மாற்றிக் கொடுப்பது இன்னொரு வழக்கம். அதைத் தெரிந்தே, ஓர் இடத்தில், காரணத்தோடு செய்யுங்கள். பழக்கதோஷத்தில் செய்தால் அது சிங்க் இல்லாத நடனமாகத்தான் தெரியும். 1989-ல் வெளியான அமெரிக்கப் பாடகி ஜேனட் ஜாக்சனின் கறுப்பு வெள்ளைக் காணொளி ஒன்றில் ஆண்களும் பெண்களும் ராணுவச் சீருடை போன்ற ஒரே உடையில், ஒரே ஸ்டெப்பை, ஒரே விசையில் ஆடினார்கள். அந்த ஒற்றுமையை இன்றும் பேசுவதற்குக் காரணம், அங்கே யாருக்கும் தனிச் சலுகை ஸ்டெப் இல்லை. 1997-ல் உருவான பிரிட்டனின் ஸ்டெப்ஸ் குழுவில் 3 பெண்கள், 2 ஆண்கள். பார்க்கிறவர்கள் உடனே சேர்ந்து ஆடும் அளவுக்குக் கை அசைவுகளை எளிமையாக வைத்து அவர்கள் வேறு வழியில் ஒற்றுமை கண்டார்கள். 2 ஆண்கள், 2 பெண்களோடு 2017-ல் அறிமுகமான தென்கொரியாவின் கார்ட் குழுவையும் பாருங்கள். அந்நாட்டு பாப் உலகில் பெரும்பாலும் ஆண் குழு தனி, பெண் குழு தனி என்பதால் நால்வரும் ஒன்றாகும் இடங்களும் ஜோடியாகும் இடங்களும் அங்கே தனித்துத் தெரிகின்றன.

3. ஸ்டெப்பை இரண்டு விதமாக அளந்து சொல்லுங்கள்

கலப்புக் குழுவுக்கு இதுதான் அடித்தளம். நிற்கும் வடிவத்தை அவரவர் உடம்பால் அளக்க வேண்டும். நகரும் தூரத்தைத் தரையால் அளக்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் என்ன செய்தாலும் சிங்க் வராது.

வடிவம் என்றால் கோணம். “கையைக் கொஞ்சம் மேலே” என்று சொல்லாதீர்கள். “முழங்கை தோள் மட்டம், 90 டிகிரி மடக்கு, கட்டைவிரல் காது நுனிக்கு நேராக” என்று சொல்லுங்கள். காதும் தோளும் மோவாயும் இடுப்பெலும்பும் எல்லாரிடமும் இருக்கின்றன. ஆளுக்கு ஆள் உயரம் மாறினாலும் கோணம் மாறாது. உட்காரும் ஸ்டெப்பிலும் இதே விதிதான். இடுப்பு இந்த உயரத்துக்கு வர வேண்டும் என்றால் உயரமானவர் மிக ஆழமாக இறங்க வேண்டியிருக்கும், குள்ளமானவர் பாதியில் நின்றுவிடுவார். முழங்கால் கோணத்தைச் சொன்னால் இருவரும் ஒரே ஸ்டெப் ஆடுவதாகத் தெரியும். கால் அகலம் “தோள் அகலம்” என்று சொன்னாலும் பிரச்சினைதான். தோள் அகன்றவர்கள் மேலும் அகட்டி நிற்பார்கள். இரண்டு பாதங்களுக்கு நடுவில் சொந்தப் பாதம் ஒன்றரை அளவு என்று சொல்லிப் பாருங்கள், வரிசை உடனே ஒழுங்காகும்.

நகர்வுக்குத் தரையில் டேப் ஒட்டுங்கள், 50 செ.மீ.க்கு ஒன்று. ஒரு கவுண்டுக்கு ஒரு டேப் என்றால் குட்டையான காலுக்கும் எட்டும், நீண்ட காலுக்கும் அடங்கும். உயரமானவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், அடியைச் சுருக்கச் சொல்கிறீர்களே என்பார்கள். சுருக்கத்தான் வேண்டும். இயல்பான நடையில் விட்டால் நாலு கவுண்டில் அவர் அரை மீட்டர் முன்னால் போய் நிற்பார்.

உயரமானவர் ஏன் பிந்துகிறார் என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கை தொடையருகிலிருந்து பக்கவாட்டில் வளைந்து தலைக்கு மேல் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே பீட்டில். கை 70 செ.மீ. நீளம் உள்ளவரின் விரல்நுனி கடக்கும் வளைவு ஏறக்குறைய 2.2 மீட்டர். 60 செ.மீ. கைக்கு அது 1.9 மீட்டர். இரண்டுக்கும் கிடைப்பது அதே அரை வினாடி. நீளக் கைக்காரர் ஏறக்குறைய 30 செ.மீ. தூரம் கூடுதலாகக் கடக்கிறார். அவர் பிந்துவார், குட்டைக் கைக்காரர் முந்திப் போய்க் காத்திருப்பார். “வேகமாகப் போ” என்று நீளக் கைக்காரரை விரட்டினால் தோள் இறுகும், கை நடுங்கும். சரியான திருத்தம் வேறு: எல்லாரும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும், குட்டைக் கைக்காரர் முழுப் பீட்டையும் பயன்படுத்திச் சேர வேண்டும். முந்துகிறவரை நிதானப்படுத்துவதே இங்கே பெரிய வேலை. அப்படியும் பிந்தினால் முழங்கையை மடக்கி மேலே கொண்டுபோய் நிமிர்த்தும் பாதையாக எல்லாருக்குமே மாற்றிவிடுங்கள். தூரம் குறையும்.

4. கற்றுக்கொடுக்கும் வேகம்

முதலில் பாட்டில்லாமல் எண்ணிக்கையில். பிறகு பாட்டின் வேகத்தைக் குறைக்கும் செயலியில் 70 விழுக்காடு, அடுத்து 85, அடுத்து முழு வேகம். கடைசி இரண்டு வாரங்களில் இடையிடையே 105 விழுக்காட்டில் ஒரு முறை ஓட்டுங்கள். பிறகு முழு வேகத்துக்குத் திரும்பும்போது நேரம் நிறைய இருப்பதாகத் தோன்றும், அவசரம் குறையும்.

ஒரு ஒத்திகையில் புதிதாக 6 முதல் 8 எட்டுகள் வரை போதும். அதற்கு மேல் கொடுத்தால் அடுத்த நாள் வந்ததும் பாதி காணாமல் போயிருக்கும். முதல் இரண்டு வாரம் கற்பதற்கு, மூன்றாம் வாரம் ஃபார்மேஷனுக்கு (மேடையில் யார் எங்கே நிற்பது), நாலும் ஐந்தும் க்ளீன் செய்ய (ஒவ்வொரு அசைவையும் சுத்தமாக்க), ஆறாவது வாரம் முழு உடையில் ஓட்ட. பல குழுக்கள் ஐந்தாம் வாரம் வரை புது ஸ்டெப் சேர்த்துக்கொண்டே இருக்கும். அங்கேதான் நடனம் தோற்கிறது. ஸ்டெப் குறைவாக இருந்து சுத்தமாக இருப்பது எப்போதும் மேல்.

எல்லாரும் ஒரே ஆளைப் பார்த்துப் பழக வேண்டும். பையன்களுக்கு ஒருவர், பெண்களுக்கு ஒருவர் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்துப் பிறகு சேர்த்தால் ஒரே ஸ்டெப் இரண்டு சாயலில் வந்து நிற்கும், அதைப் பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆகும். கண்ணாடியைப் பார்த்துப் பழகுவதும் பாதி நேரம் மட்டும். கண்ணாடியில் ஒவ்வொருவரும் தன்னைத்தான் பார்ப்பார்கள், தலை எப்போதும் நேராக நிற்கப் பழகிவிடும்.

5. க்ளீன் செய்வது

இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஒரு எட்டுக்கு 15 நிமிடம் ஒதுக்குங்கள். கோரஸின் நாலு எட்டுக்கு ஒரு மணி நேரம். முறை இது.

ஒன்று, ஒவ்வொரு கவுண்டிலும் உறைந்து நில்லுங்கள். “ஒன்” என்றதும் எல்லாரும் அந்த வடிவத்தில் நிற்க வேண்டும். ஒருவர் வெளியே வந்து வரிசையைப் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகப் பாருங்கள்: பார்வை, மோவாய், தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்பு, முழங்கால், பாத நுனி. பாத நுனி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கடிகார எண்ணால் சொல்வது எளிது. பார்வையாளர் 12 மணி என்றால் வலது மூலை ஒன்றரை மணி.

இரண்டு, வந்து சேரும் நொடியைப் போலவே கிளம்பும் நொடியையும் பூட்டுங்கள். குழுக்கள் முதலாவதை மட்டும் பார்ப்பார்கள். எல்லாரும் “த்ரீ”யில் கையை நிறுத்துகிறார்கள், ஆனால் சிலர் “டூ”வில் கிளம்பினார்கள், சிலர் “டூ அண்ட்”டில் கிளம்பினார்கள். புகைப்படத்தில் அழகாக இருக்கும், ஓட்டத்தில் கலங்கலாக இருக்கும்.

மூன்று, பாதை. கை கீழிருந்து நெஞ்சுக்கு முன்னால் போகிறதா, பக்கவாட்டில் வளைந்து போகிறதா?

நாலு, தன்மை. வெட்டி நிறுத்துவதா, இழுத்துக்கொண்டு போவதா, நிறுத்திய பிறகு துள்ள வேண்டுமா. “எனர்ஜி கொடு” என்ற சொல்லால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. “கால் பீட்டில் போய்ச் சேர்ந்து முக்கால் பீட் அசையாமல் நில்” என்று சொல்லுங்கள்.

ஒரு எட்டை நெருங்கிப் பார்ப்போம். ஒன், டூ: வலது காலை ஒரு டேப் வலப்புறம் வைத்து எடையை மாற்றுவது. த்ரீ: இடது இடுப்பு வெளியே. அண்ட் ஃபோர்: இரு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வந்து விரிவது. ஃபைவ் முதல் எயிட் வரை வலமாக முழுச் சுற்று. முதல் ஓட்டத்தில் கண்ணில் படுவது இடுப்பு. பையன்களில் இரண்டு பேர் இடுப்பைத் தள்ளாமல் தோளைச் சாய்த்து ஒப்பேற்றுவார்கள், பெண்களில் ஒருவர் கூடுதலாக ஒரு சுழிப்பும் சேர்ப்பார். வெட்கமும் வேறு வகுப்பில் வாங்கிய பழக்கமும் இதற்குக் காரணம், உடம்பு காரணமில்லை. அளவு கொடுங்கள்: இடது குதிகாலைத் தூக்காமல் வலது முழங்காலை மடக்கினால் இடது இடுப்பு தானாக ஒரு கைமுட்டி அளவு வெளியே வரும், அதோடு நிறுத்த வேண்டும். முழங்காலைப் பற்றிப் பேசினால் வெட்கம் போய்விடும். அடுத்தது “அண்ட் ஃபோர்”. குறுக்கும் கையில் எது மேலே? வலது மேலே என்று முடிவு செய்யாவிட்டால் பாதிப் பேருக்கு இடது மேலே இருக்கும். விரிந்த கையில் விரல்கள் மூடி, கட்டைவிரல் ஒட்டி. கடைசியில் சுற்று: தலை எப்போது திரும்புகிறது என்பதுதான் சிங்க். ஃபைவ், சிக்ஸ் வரை பார்வை முன்னால் நிற்க வேண்டும், செவனில் தலை சடாரெனச் சுற்றி மீண்டும் முன்னால் வர வேண்டும், எயிட்டில் உடம்பு வந்து சேர வேண்டும். நீள முடி வைத்திருப்பவர்களின் முடி எயிட்டுக்குப் பிறகும் பறக்கும். அது அசைவு முடியாதது போலக் காட்டும். ஆகையால் எல்லாரும் கட்டுவதா, எல்லாரும் விடுவதா என்பதும் க்ளீன் செய்வதில் சேர்ந்ததே.

மூச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோரஸ் தொடங்குவதற்கு முந்தைய எயிட்டில் எல்லாரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுக்கப் பழகினால், ஒருவரை ஒருவர் பார்க்காமலே கிளம்பும் நொடி பொருந்தும்.

6. ஃபார்மேஷன்

மேடையின் முன் விளிம்பில் நடுவில் 0, இரு பக்கமும் 50 செ.மீ.க்கு ஓர் எண். எட்டுப் பேரை இரண்டு வரிசையாக நிறுத்த எளிய அமைப்பு: முன் வரிசை இரு பக்கமும் 1, 3, பின் வரிசை இரு பக்கமும் 2, 4. பின்னால் நிற்பவர் முன்னால் நிற்கும் இருவருக்கு நடுவில் தெரிவார், யாரும் மறைய மாட்டார்கள். இரு வரிசைக்கும் நடுவில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மீட்டர். கையைப் பக்கவாட்டில் முழுக்க விரிக்கும் ஸ்டெப் இருந்தால் இந்த இடைவெளி போதாது. விரித்த இரு கைகளின் நீளம் ஏறக்குறைய ஆளின் உயரம் இருக்கும். அப்போது முன் வரிசை 2, 6, பின் வரிசை 4, 8 என்று இரட்டியுங்கள். மேடை அகலம் 10 மீட்டராவது வேண்டும். இல்லையென்றால் கையை விரிக்கும் ஸ்டெப்பை மாற்றுவதே புத்திசாலித்தனம்.

பையன், பெண், பையன், பெண் என்று மாற்றி மாற்றி நிறுத்துவது பார்க்கச் சமமாகத் தோன்றும். உயர வேறுபாடு பெரிதாக இருந்தால் தலைகளின் கோடு ரம்பம்போல ஆகிவிடும். பெண்கள் முன்னால், பையன்கள் பின்னால் என்று வைத்தால் பின் வரிசை வெறும் பின்னணியாகிவிடும். நடுவில் உயரமானவர்கள், ஓரம் போகப் போக இறங்குவது என்ற சரிவு பெரும்பாலும் நன்றாக இருக்கும். பாட்டின் போக்கில் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது முன்னால் வர வேண்டும்.

இடம் மாறும்போது மோதல் வருவது பாதை சொல்லாததால். எதிரெதிரே வருபவர்கள் வலது தோளோடு வலது தோள் கடப்பது என்று ஒரே விதி வைத்துவிடுங்கள். எத்தனை கவுண்டில் எத்தனை எண் கடக்க வேண்டும் என்பதையும் ஆளாளுக்கு எழுதிக் கொடுங்கள். நாலு கவுண்டில் ஆறு எண் கடக்க வேண்டியவர் ஓடுவார், ஓட்டம் கண்ணை உறுத்தும். அவருக்கு இரண்டு கவுண்ட் முன்னதாகக் கிளம்ப இடம் கொடுங்கள், அல்லது அவர் இடத்தைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றுங்கள்.

7. ஜோடியாக ஆடும் இடங்கள்

தொடுவது வரும் இடத்தில் ஸ்டெப்புக்கு முன்னால் பேச்சு வர வேண்டும். நடனம் அமைப்பவர் எங்கே கை வரும் என்பதைத் தன் உடம்பிலேயே தொட்டுக் காட்ட வேண்டும்: கை, முன்கை, தோள்பட்டை எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு. ஆடுகிற இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், எட்டுப் பேர் முன்னால் கேட்காதீர்கள். வேண்டாம் என்று சொல்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றாலும் அப்படியே ஏற்க வேண்டும். மாற்று ஸ்டெப் முதல் நாளே தயாராக இருந்தால் இது பெரிய விஷயமாகாது. உள்ளங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு கைமுட்டி இடைவெளி விட்டு ஆடினால், முன்னால் இருந்து பார்க்கிறவருக்குத் தொடுவது போலவே தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் இருந்தால் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், ஒத்திகையில் பொறுப்பான பெரியவர் ஒருவர் இருக்கட்டும்.

சுற்றிவிடும் ஸ்டெப்பில் விரல்களைக் கோத்துப் பிடிக்கக் கூடாது, முறுக்கிக்கொள்ளும். சுற்றிவிடுபவர் இரண்டு விரலைக் கொக்கிபோல் நீட்ட வேண்டும், சுற்றுபவர் அதன்மேல் உள்ளங்கையைத் தளர்வாக வைக்க வேண்டும். கை சுற்றுபவரின் நெற்றிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பின்னால் போனால் தோள் வலிக்கும், பக்கத்தில் போனால் நிலை தடுமாறும். சுற்றும் விசை சுற்றுபவரின் காலிலிருந்தே வரும், கையால் திருகக் கூடாது. யார் சுற்றிவிடுவது என்பது ஆண், பெண் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியதில்லை. உயரமானவர் சுற்றிவிட்டால் கை வசதியாக இருக்கும், அவ்வளவே.

சாய்ந்து விழும் ஸ்டெப்பில் தாங்குபவர் முழங்காலை மடக்கி, கால் அகட்டி, ஒரு கையை மற்றவரின் தோள்பட்டை எலும்பின் கீழ் வைக்க வேண்டும். சாய்பவர் வயிற்றை இறுக்கி, தன் எடையில் பெரும்பகுதியைத் தன் காலிலேயே வைத்திருக்க வேண்டும். முழு எடையையும் போட்டால் தாங்குபவரின் முதுகு பழுதாகும். தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட் வேண்டுமென்றால் அதில் பயிற்சி பெற்றவர் நேரில் இருந்து சொல்லித்தர வேண்டும். மெத்தையும் பக்கத்தில் இரண்டு பேரும் வேண்டும், முதலில் பழக வேண்டியது இறங்குவதை. அந்த வசதி இல்லையென்றால் லிஃப்ட்டை விட்டுவிடுங்கள்.

8. காலணி, உடை, மைக்

ஐந்து செ.மீ. ஹீல்ஸ் போட்டதும் எடை பாதத்தின் முன்பக்கம் போகிறது, முழங்கால் கோணம் மாறுகிறது, அடி சுருங்குகிறது, தாவல் தாமதமாகிறது. தட்டைக் காலணியில் பழகிவிட்டு மேடையன்று பாதிப் பேர் மட்டும் ஹீல்ஸ் அணிந்தால் ஆறு வாரச் சிங்க் அன்றே போய்விடும். ஹீல்ஸ் என்றால் நாலாவது வாரத்திலிருந்தே அதில் பழக வேண்டும். தாவல் நிறைய இருந்தால் எல்லாருக்கும் தட்டைக் காலணி. உடை ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஆனால் கை ஸ்டெப் அதிகம் என்றால் சட்டைக் கையின் நீளம் ஒன்றாக இருக்கட்டும். முழுக்கை அணிந்தவரின் கையும் கையில்லாச் சட்டை அணிந்தவரின் கையும் ஒரே கோணத்தில் இருந்தாலும் வேறு வேறாகத் தெரியும்.

பாடிக்கொண்டே ஆடுவதானால் பாட்டு வரி எப்போது வருகிறது என்பதை வைத்து ஸ்டெப் அமைய வேண்டும். 1960களில் அமெரிக்காவின் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் டெம்ப்டேஷன்ஸ், சுப்ரீம்ஸ் முதலிய குழுக்களுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த சோலி அட்கின்ஸ் இதில் வல்லவர். பாடகர் ஆடி முடித்துத் தன் வரிக்குச் சரியாக மைக் முன்னால் வந்து நிற்பார், மூச்சும் மிச்சமிருக்கும். கையில் பிடிக்கும் மைக் என்றால் எல்லாரும் ஒரே கையில் பிடிக்க வேண்டும், இடக்கைக்காரர் உட்பட.

9. வீடியோவும் ஸ்பீக்கரும்

ஃபோனை அசையாமல் நடுவில், நெஞ்சுயரத்தில் வைத்து வினாடிக்கு 60 ஃபிரேமில் எடுங்கள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 17 மில்லி வினாடி. கூர்மையான வெட்டில் ஒருவர் மூன்று ஃபிரேம் பிந்தினால் கண்ணில் தைக்கும். யார், எந்தக் கவுண்டில், முந்துகிறாரா பிந்துகிறாரா என்று மூன்றே விஷயம் குறியுங்கள். “நீ சரியில்லை” என்று சொன்னால் திருத்த முடியாது, “ரெண்டாவது எட்டு, ஃபோர், முந்துகிறாய்” என்றால் முடியும்.

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். மேடையின் ஒரு ஓரத்தில் மட்டும் ஸ்பீக்கர் இருந்தால், 12 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு 35 மில்லி வினாடி பிந்திக் கேட்கும். அதுவே இரண்டு ஃபிரேம். ஸ்பீக்கரை முன்னால் நடுவில் வையுங்கள். காணொளியைப் பார்த்துக்கொண்டு புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுப் பழகுவது அதைவிட மோசம், படத்துக்கும் ஒலிக்கும் பொருத்தமே இருக்காது. கம்பி இணைப்பு போடுங்கள்.

10. கடைசி வாரம்

புது ஸ்டெப் கிடையாது. ஒவ்வொரு ஒத்திகையிலும் 15 நிமிடம் உடலைச் சூடாக்கி, முழு உடையில் மூன்று முறை முழுதாக ஓட்டுங்கள். ஒரு முறை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி. ஒரு முறை பாட்டை நடுவில் நாலு எட்டு நிறுத்திவிட்டு, ஆட்டம் நிற்காமல், பாட்டு திரும்ப வரும்போது பொருந்துகிறார்களா என்று பார்க்க.

தவறினால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பாருங்கள். தவறியவர் அடுத்த “ஒன்” வரை மேடையின் நடுப்பக்கம் தலையைத் திருப்பாமல், காலை மட்டும் தாளத்தில் வைத்திருந்து, “ஒன்”னில் சேர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அவரைப் பார்க்கவே கூடாது, பார்த்தால் பார்வையாளரும் பார்ப்பார்கள். ஒருவர் வர முடியாமல் போனால் ஆட ஏழு பேருக்கான ஃபார்மேஷனையும் எழுதி ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்: முன் வரிசை நாலு பேர் 1, 3-லேயே, பின் வரிசை மூன்று பேர் நடுவில் 0, இரு பக்கமும் 2. ஜோடி இல்லாமல் போனவர் பிரிட்ஜில் என்ன ஆடுவார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.